ஒன்று விழுந்தால்தான் இறங்கலாம்

போன சிவராத்திரிக்குத் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து சிறுவர்கள் கண்விழித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு நித்திரை வராத மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்கு நடிக்கத் தேவையிருக்கவில்லை, அவர்களிடம் பாம்பும் ஏணியும் இருந்தது. கடையில் வாங்கிய சாதாரண மட்டை, நூறு கட்டம், ஒரு பிளாஸ்டிக் பகடை.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது. கனடாவிலிருந்து வந்திருந்த மருமகன் பகடையை உருட்டினான். நாலு விழுந்தது. காயை எடுத்து நாலாம் கட்டத்தில் வைத்தான். எதிர்வீட்டுப் பிள்ளை அந்தக் காயைத் தூக்கி வெளியே வைத்தாள்.

"ஒண்டு விழுந்தாத்தான் இறங்கலாம்."

"எங்க எழுதியிருக்கு?"

அவன் கேட்டது நியாயம். பெட்டியின் பின்பக்கத்தில் விதிகள் அச்சடித்திருந்தன. விழுந்த எண்ணுக்கு நகரவேண்டியதுதான் என்று அதில் இருந்தது. ஒன்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மம்மா கண்ணைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னா: "தாயம் விழாம எப்பிடியடா காய் இறக்குறது?"

அவர்கள் ஆடியது தாயம் இல்லை. உருட்டியது தாயக்கட்டையும் இல்லை. ஆனாலும் அந்த விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் அம்மம்மா சொன்னது விளங்கியது. பெட்டியில் இல்லாத அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் கதை நீண்ட தூரம் போகிறது.

அம்மம்மாவின் அலுமாரியில் ஒரு சோடி பித்தளைத் தாயக்கட்டை கிடக்கிறது. விரல் நீளம், நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து விட்டால் சீமெந்துத் தரையில் கிலுங்கிக்கொண்டு ஓடும். ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒரு புள்ளியாகவும் நின்றால் அதுதான் தாயம். இரண்டும் வெறுமையாக நின்றால் பன்னிரண்டு. மற்றதெல்லாம் புள்ளிகளைக் கூட்டினால் வருவது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டைக்கு நான்கு பக்கம், ஆகவே இரண்டு கட்டைகள் விழக்கூடிய வகை பதினாறு. அந்தப் பதினாறில் மூன்று வருவது நான்கு வகையில். இரண்டும் நான்கும் மும்மூன்று வகையில். தாயம் இரண்டு வகையில் மட்டும். ஐந்தும் அப்படியே இரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையில்தான். இனி ஆட்ட விதியைப் பாருங்கள்: தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டையைக் கைமாற்ற வேண்டும். அதாவது அடிக்கடி விழுவதற்கு மரியாதை இல்லை, அரிதாக விழுவதற்குத்தான் பரிசு. இதை வகுத்தவர்கள் கடதாசியில் நிகழ்தகவு போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனையோ தலைமுறை உருட்டிப் பார்த்துக் கைக்குத் தெரிந்த கணக்கு அது.

கட்டை இல்லாத வீட்டில் சோகி. புத்தகத்தில் சோழி என்றும் பலகறை என்றும் எழுதுவார்கள், எங்கள் பக்கம் சோகிதான். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழிக் கடைகளில் சங்கு, சிப்பி மாலைகளோடு இதையும் வைத்திருப்பார்கள். சோகியை எறிந்தால் இரண்டில் ஒன்றுதான்: வாய் மேலே பார்த்து மல்லாந்து விழும், இல்லை குப்புற விழும். சோகியும் கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை. கொட்டையின் ஒரு பக்கத்தைச் சீமெந்தில் உரசி உரசி உள்ளே உள்ள வெள்ளை தெரியும்வரை தேய்க்கவேண்டும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கபிலம், பகடை தயார். எனக்கு ஞாபகம் இருப்பது அதை வைத்து ஆடிய ஆட்டத்தைவிட, உரசிச் சூடேறிய கொட்டையைப் பக்கத்தில் இருப்பவரின் தொடையில் வைத்துவிட்டு எழுந்து ஓடியதுதான்.

நான்கு சோகி வைத்து ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஆடும் ஆட்டத்தில், நான்கும் மல்லாந்தால் நாலு, நான்கும் குப்புற விழுந்தால் எட்டு. இவை இரண்டுக்கும்தான் மறு எறி. ஆந்திரத்தில் இதே ஆட்டத்துக்கு அஷ்ட சம்மா என்று பெயர். அஷ்ட என்றால் எட்டு. வட இந்தியாவின் பச்சீசியில் ஆறு சோகி. பரவலான முறைப்படி ஆறும் மல்லாந்தால் ஆறு, ஒன்று மட்டும் மல்லாந்தால் பத்து, எல்லாம் குப்புற விழுந்தால் இருபத்தைந்து. ஹிந்தியில் பச்சீஸ் என்றால் இருபத்தைந்து, ஆட்டத்தின் பெயரே அந்த அரிய விழுகையிலிருந்து வந்தது. அங்கேயும் ஆறு, பத்து, இருபத்தைந்து விழுந்தால்தான் சலுகை.

ஒரு நாள் சும்மா இருந்து இந்த மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோகி இரண்டு பக்கமும் சரிசமமாக விழும் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் அப்படி விழாது, அதன் முதுகு ஒரு மாதிரி, வாய் ஒரு மாதிரி). இரண்டு தாயக்கட்டையில் தாயம் விழுவது பதினாறில் இரண்டு. நான்கு சோகியில் நாலோ எட்டோ விழுவதும் பதினாறில் இரண்டு. ஆறு சோகியில் ஆறு, பத்து, இருபத்தைந்து மூன்றையும் சேர்த்தால் அறுபத்து நான்கில் எட்டு. மூன்றும் ஒன்றுதான், எட்டில் ஒரு பங்கு! தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. ஏழு முறை ஏமாந்து எட்டாம் முறை வாசல் திறந்தால்தான் இறங்குவதில் ருசி இருக்கும் போலிருக்கிறது.

ஆறு முகப் பகடை வந்ததும் இந்தக் கணக்குக் குலைந்துவிட்டது. அதில் ஒன்றும் ஆறும் மூன்றும் ஒரே விலை, எல்லாம் ஆறில் ஒரு பங்கு. ஒன்று அரியதுமில்லை, மூன்று மலிவுமில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மருமகன் சிக்கிக்கொண்ட விதி இதுதான். கருவி மாறிப் போன பிறகும் கருவிக்காகச் செய்த சட்டம் வாயில் நின்றுவிட்டது. ஒருவகையில் அவன் அம்மம்மாவைவிட அதிர்ஷ்டக்காரன். அவன் சராசரியாக ஆறு முறை உருட்டினால் போதும், அவவுக்கு எட்டு.

ஆறு முகப் பகடையும் நேற்று வந்ததல்ல. மொகஞ்சதாரோவில் சுடுமண் பகடைகள் கிடைத்திருக்கின்றன. இன்றைய பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரும், வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். மொகஞ்சதாரோப் பகடைகளில் ஒன்றுக்கு எதிரே இரண்டு, மூன்றுக்கு எதிரே நான்கு, ஐந்துக்கு எதிரே ஆறு என்று இருக்கிறது. கீழடி அகழாய்விலும் பகடையும் ஆட்டக்காய்களும் வந்தன. ரிக் வேதத்துச் சூதாடி உருட்டியது தான்றிக்காய். அவனுடைய புலம்பல் பத்தாம் மண்டலத்தில் ஒரு முழுப் பாட்டாகவே இருக்கிறது. புத்தர் காலத்துப் பேச்சாகச் சொல்லப்படும் பிரமஜால சூத்திரத்தில், துறவிகள் நேரத்தை வீணாக்கக்கூடாத விளையாட்டுகள் என்று ஒரு பட்டியல் வருகிறது. எட்டு வரிசைப் பலகை, பத்து வரிசைப் பலகை என்றுதான் அது தொடங்குகிறது. தடை போடுமளவுக்கு ஆடியிருக்கிறார்கள்.

தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி புறநானூற்றின் 52ஆம் பாட்டு. போரில் பாழ்பட்டுப் போன ஊரின் பொதுமன்றம். நரைத்த கிழவர்கள் உட்கார்ந்து ஆடி ஆடி, காய் வைத்த இடமெல்லாம் குழிந்துபோன தரை. இப்போது கிழவர்கள் இல்லை, அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. ஆடும் காயைப் பாட்டு 'நாய்' என்கிறது: 'நரை மூதாளர் நாயிடக் குழிந்த வல்லின் நல்லகம்'. வல் என்றால் சூதாட்டம். யாரும் இல்லாத ஊரைச் சொல்ல எத்தனையோ வழி இருக்க, புலவருக்கு அகப்பட்டது ஆட்டக்கட்டம். எங்கள் மாவட்டத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

நற்றிணையின் மூன்றாம் பாட்டில் சிறுவர்களே வருகிறார்கள். வேப்பமரத்தின் புள்ளி விழுந்த நிழலில், பொன் உரசிப் பார்க்கும் கட்டளைக்கல் போலக் கட்டம் கீறி, படிக்காத சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். அது பகடை ஆட்டமாக இருக்கவேண்டும் என்றில்லை. நிழலும் கீறிய கட்டமும் கையில் கிடைத்த காயும் மட்டும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் வெண்கட்டியால் கீறினோம், வெண்கட்டி இல்லாத நாளில் அடுப்புக்கரி. காய்க்கு வேப்பங்கொட்டை, உடைந்த காப்புத்துண்டு, சட்டையிலிருந்து கழன்ற பொத்தான். ஊரடங்கு போட்ட பின்னேரங்களில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் கரிக்கோடு கண்ணுக்குத் தெரியாது. அப்போது அளாப்பி ஏமாற்றுவது சுலபம்.

திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்துத் திட்டினார். 'உருளாயம் ஓவாது கூறின்' என்று ஒரு குறள் தொடங்குகிறது. உருண்டு விழுந்ததன் ஆயத்தையே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் பொருள் கையைவிட்டுப் போய்விடும் என்கிறார். அவர் மனதில் இருந்தது பணம் கட்டி ஆடிய பெரியவர்கள். வீட்டு முற்றத்துப் பிள்ளைகள் கட்டியதெல்லாம் புளியங்கொட்டைதான்.

ஓட்டப்பந்தய வகைப் பலகை ஆட்டம், அதாவது உருட்டி விழுந்த எண்ணுக்குக் காயை ஓட்டி முதலில் கரை சேர்ப்பது, எவ்வளவு பழசு என்றால், ஈராக்கின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் 1920களில் லெனார்ட் வூலி தோண்டியெடுத்த பலகைகளுக்கு ஏறத்தாழ 4,500 வயது. (அந்த நகரத்தின் பெயரே 'ஊர்' என்பதால் தமிழில் எழுதும்போது சின்னக் குழப்பம் வருகிறது, மன்னியுங்கள்.) அதை எப்படி ஆடினார்கள் என்பது நெடுங்காலம் புதிர். கி.மு. 177ஆம் ஆண்டில் பாபிலோனில் எழுதப்பட்ட ஒரு களிமண் பலகையைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் வாசித்த பிறகுதான் விதிகள் பிடிபட்டன. அதைவிட வியப்பு, அந்த இருபது கட்ட ஆட்டத்தின் வழிவந்த ஒன்றைக் கொச்சியில் வாழ்ந்த யூதப் பெண்கள் 1950கள் வரை ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவர் தேடலில்தான் தெரிய வந்தது. அரண்மனையில் மறைந்தது அடுக்களைத் திண்ணையில் பிழைத்திருக்கிறது.

சரி, பாம்புக்கு வருவோம்.

தாயத்தில் பாம்பும் இல்லை, ஏணியும் இல்லை. அவை வேறு ஒரு மரபிலிருந்து வந்தவை. வட இந்தியாவில் ஞான சௌபர் என்று ஒரு பலகை இருந்தது. இன்று எஞ்சியிருப்பவற்றில் பழையவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 13ஆம் நூற்றாண்டு மராத்தித் துறவி ஞானேஸ்வரர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். அதற்கு ஆதாரம் யாரும் காட்டவில்லை. சமணர் பலகையில் 84 கட்டம், வைணவர் பலகையில் 72, சூஃபி முஸ்லிம்களுக்கென்று நூறை ஒட்டிய கட்டங்களோடு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல் எழுதியிருக்கும்: கோபம், பொய், களவு, பொறாமை, தானம், பக்தி, கருணை. கெட்டதில் பாம்பின் தலை, நல்லதில் ஏணியின் அடி. 72 கட்டப் பலகையில் வைகுண்டம் கடைசிக் கட்டத்தில் இல்லை, 68இல் இருக்கிறது. குறி தவறித் தாண்டிப் போனால் 72இல் ஒரு பாம்பு காத்திருக்கும். பேராசைக்கு இதைவிடச் சுருக்கமாகப் படம் போட முடியாது. நேபாளத்தில் இதற்குப் பெயர் நாகபாசம்.

தமிழில் இது பரமபத சோபன படம். சோபானம் என்றால் படிக்கட்டு, பேச்சில் அது சோபனம் ஆகிவிட்டது. கட்டங்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு மாறும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவது தமிழக வழக்கம், சிவராத்திரிக்கும் ஆடுவார்கள். இங்கே எங்களூரில் பெரிய கண்விழிப்பு சிவராத்திரிதான், ஆகவே எங்கள் வீட்டில் அந்த இரவுக்கு உரியது. சைவ வீட்டுப் பிள்ளைகள் சிவனுக்காகக் கண்விழித்துக்கொண்டு விஷ்ணுவின் வைகுண்டத்துக்கு ஏணி ஏறுவதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை. மேலே யார் இருக்கிறார் என்பதைவிடப் பெரிய பாம்பு எங்கே இருக்கிறது என்பதுதான் அவசரம்.

பரமபதத்தில் ஆடுபவருக்கு எந்தத் தெரிவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தாயத்தில் நான்கைந்து காய் இருக்கும். விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, எதிராளியை வெட்டுவதா, பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் ஏறிப் பதுங்குவதா, கரை சேர்ந்து பழமாகப் போகும் காயைத் தள்ளுவதா என்று யோசிக்கலாம். பரமபதத்தில் ஒரே காய், ஒரே வழி, விழுந்ததை நகர்த்தினால் முடிந்தது. வினைப்பயனைச் சொல்லிக்கொடுக்க வந்த ஆட்டத்தில் ஆடுபவர் ஒரு வினையும் செய்ய முடியாது என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. 'போன பிறப்பில செய்தது இந்தப் பிறப்பில விழுது' என்று அம்மம்மா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறா. ஆனால் இந்தக் குறைதான் சிறுபிள்ளைகளுக்கு வசதி. ஐந்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பெரியவரும் சரிக்குச் சரி உட்காரக்கூடிய ஆட்டம் வேறு அதிகம் இல்லை.

1831இல் ஹென்றி டண்டாஸ் ராபர்ட்சன் என்ற படை அதிகாரி இப்படி ஒரு பலகையை லண்டனில் உள்ள ராயல் ஆசியச் சங்கத்துக்குக் கொடுத்தார். அங்கே அது காட்சிப்பொருள். அறுபது வருடம் கழித்து, 1892இல், லண்டன் விளையாட்டுச் சாமான் உற்பத்தியாளர் எஃப். எச். அயர்ஸ் அதன் ஆங்கில வடிவத்தைப் பதிவு செய்தார். ஐரோப்பாவுக்கு இந்த மாதிரி ஆட்டம் புதிது என்று நினைத்துவிடக்கூடாது. இத்தாலியிலிருந்து பரவிய வாத்து ஆட்டத்தில் 63 கட்டம், சுருண்டு உள்ளே போகும் பாதை. கிணற்றில் விழுந்தால் இன்னொருவர் வந்து மீட்கும்வரை நிற்கவேண்டும், 58ஆம் கட்டத்தில் சாவு, திரும்பவும் முதலிலிருந்து. லண்டனில் 1597இலேயே அது பதிவாகியிருக்கிறது. ஒல்லாந்தருக்கும் அது பழகிய ஆட்டம், நம் கோட்டையை நெடுங்காலம் வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். இப்போது அந்தக் கோட்டைக்குள் மான் மேய்கிறது.

விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் பாம்புப் பலகையில் தங்கள் ஒழுக்கத்தை எழுதிக்கொண்டார்கள். சிக்கனமாக இருந்தால் ஏணி நிறைவுக்குப் போகும், உழைத்தால் வெற்றிக்கு. சோம்பினால் பாம்பு வறுமையில் இறக்கிவிடும், சொல் கேட்காவிட்டால் அவமானத்தில். வைகுண்டம் இருந்த இடத்தில் வசதியான வாழ்க்கை வந்து உட்கார்ந்தது. இன்னொரு சின்ன மாற்றமும் செய்தார்கள். இந்தியப் பலகைகளில் பொதுவாகப் பாம்பு அதிகம், ஏணி குறைவு, நல்ல வழி கடினம் என்று காட்டத்தான். ஆங்கிலப் பலகையில் இரண்டையும் ஏறக்குறையச் சமமாக்கினார்கள். கொஞ்சக் காலத்தில் எழுத்தும் உதிர்ந்தது, எண்ணும் படமும் மட்டும் மிஞ்சின. அந்த வெறும் பலகைதான் திரும்பவும் கப்பலேறி, பெட்டியில் அடைபட்டு, எங்கள் கடைத்தெருவுக்கு வந்தது. பாட்டனின் வீட்டுப் பொருளைப் பேரன் கடையில் காசு கொடுத்து வாங்கிய கதை.

அமெரிக்காவில் 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையும் எடுத்துவிட்டு, சிறுவர் பூங்காவின் சறுக்குமரத்தை வைத்தது. அந்தப் பலகையில் ஒன்பது ஏணி, பத்துச் சறுக்கு. மிகப் பெரிய ஏணி 28இலிருந்து 84க்கு, மிகப் பெரிய சறுக்கு 87இலிருந்து 24க்கு. கணிதக்காரர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை. ஒருவர் தனியாக உருட்டி முடிக்கச் சராசரியாக 39 எறி தேவை என்று கண்டிருக்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஏழே எறியில் முடியும். எங்கள் பிள்ளைகள் அந்தச் சராசரியோடு, முதல் ஒன்று விழுவதற்கான காத்திருப்பையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.

லூடோவும் இதே வழிதான். 1896இல் ஆல்ஃபிரட் கொலியர் என்பவர் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை எடுத்தார். லூடோ என்பது லத்தீன் சொல், 'நான் விளையாடுகிறேன்' என்று பொருள். பச்சீசியின் சிலுவைப் பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆறு சோகியை ஒரு பகடையாக்கினார். பச்சீசியில் எதிரெதிரே இருக்கும் இருவர் கூட்டாளிகள், லூடோவில் ஆளுக்கு ஆள் தனி. பச்சீசிக் காய் நடுவிலிருந்து புறப்பட்டு நடுவுக்கே திரும்பும், லூடோக் காய் மூலைக் கூட்டிலிருந்து புறப்படும். ஆனால் 'ஆறு விழுந்தால் இன்னொரு முறை' என்பதை மட்டும் அவர் விட்டுவிடவில்லை. ஆறு சோகியும் ஒரே நேரத்தில் மல்லாந்து விழும் அந்த அபூர்வத்தின் எச்சம்தான் அது. தாயத்தின் எச்சம் ஒன்று, பச்சீசியின் எச்சம் ஆறு. இரண்டுமே ஒரே காரணத்துக்காகப் பிறந்து, ஒரே காரணத்தால் அர்த்தம் இழந்தவை.

திருகோணமலையில் இருந்துகொண்டு லூடோவைப் பற்றிப் பேசும்போது கடற்படையை விடமுடியாது. 1957இல் கையளிக்கும்வரை இந்தத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளம். அந்தக் கடற்படையினர் கப்பல்களில் ஆடிய லூடோவுக்கு 'அக்கர்ஸ்' என்று பெயர். இரண்டு பகடை, இருவர் இருவராகக் கூட்டு. ஒரே கட்டத்தில் தங்கள் காய் இரண்டை அடுக்கி எதிராளியின் வழியை மறிக்கலாம், சத்தமும் சண்டையும் தாராளம். கொலியர் எடுத்துப்போட்ட கூட்டாளியை மாலுமிகள் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள். பெட்டியில் இருக்கும் விதியை ஆடுபவர்கள் மாற்றாமல் விடுவதில்லை. அதில் சிறுபிள்ளை, மாலுமி என்ற வேறுபாடு இல்லை.

சித்திரைப் புத்தாண்டு வந்தால் சிங்கள அயலவர்கள் பஞ்ச ஆடுவார்கள். ஆறு சோகியைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் குலுக்கிப் பாயில் கவிழ்ப்பது. 1909இல் வெளியான 'பண்டைய இலங்கை' என்ற ஆங்கில நூலில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்த ஹென்றி பார்க்கர் இந்நாட்டு விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது இதையும் குறித்து வைத்தார். பஞ்ச என்றால் ஐந்து. நாங்கள் ஆட்டத்துக்கு ஒன்றின் பெயரை வைத்தோம், அவர்கள் ஐந்தின் பெயரை, வடக்கே இருபத்தைந்தின் பெயரை, ஆந்திரத்தில் எட்டின் பெயரை. நல்ல எறி எதுவோ அதுவே ஆட்டத்தின் பெயர். சிறுவயதில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் பஞ்ச ஆடுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுண்டு. மொழி முழுக்க விளங்காது. எப்போது நல்லது விழுந்தது, எப்போது வெட்டு விழுந்தது என்பது கூச்சலில் தெரிந்துவிடும்.

இப்போது எல்லாம் கைபேசியில். 2016இல் மும்பை நிறுவனம் ஒன்று வெளியிட்ட லூடோ கிங், 2020இல் நோய்த்தொற்றால் வீடடங்கிக் கிடந்த காலத்தில் பெரிதாகப் பரவியது. கனடாவில் இருக்கும் தங்கையோடு நானும் அதில் ஆடியிருக்கிறேன். ஆறு விழாவிட்டால் 'இது அளாப்புது' என்று அவள் கைபேசியைத் திட்டுவாள். எனக்கு அதில் ஒரே ஒரு குறைதான். அதோடு பேரம் பேச முடியாது. மூன்று முறை தொடர்ந்து விழாவிட்டால் பாவம் பார்த்து இறங்க விடுவோம், சின்னப்பிள்ளை என்றால் வெட்டமாட்டோம், அம்மா கூப்பிட்டால் இடத்தைக் காப்பாற்றி வைப்போம் என்றெல்லாம் ஒரு வீட்டு ஆட்டத்தில் இருக்கும் சலுகைகளை யாரும் அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றிரவு விறாந்தைச் சண்டை பேரத்தில்தான் முடிந்தது. ஒன்று விழுந்தாலும் இறங்கலாம், ஆறு விழுந்தாலும் இறங்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆறில் ஒரு பங்கு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அப்படியும் மருமகனுக்கு நெடுநேரம் விழவில்லை. மற்றவர்கள் நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிக்கொண்டிருக்க, அவன் காய் மட்டைக்கு வெளியே நின்றது. அம்மம்மா இரக்கப்பட்டு அலுமாரிச் சாவியைத் தேடத் தொடங்கினா, பித்தளைக் கட்டையை எடுத்துத் தரலாம் என்று. அதில் விழுவது இன்னும் கடினம் என்று நான் சொல்லவில்லை.

ஒரு மணியளவில் எதிர்வீட்டுப் பிள்ளை வேகமாக உருட்டினாள். பகடை மட்டையைத் தாண்டி, விறாந்தைப் படியில் துள்ளி, முற்றத்து மணலில் விழுந்தது. கைபேசி வெளிச்சத்தில் தேடிப் பார்த்தார்கள். ஆறு. அவளுக்கு அது பெரிய ஏணியின் அடி. அவள் காயை எடுக்கக் கை நீட்டினாள்.

"வெளியில விழுந்தா செல்லாது!" என்று மருமகன் கத்தினான்.

அவள் ஒரு தரம் அவனைப் பார்த்தாள். பிறகு மணலைத் தட்டிவிட்டுப் பகடையை மறுபடியும் உருட்டினாள். எங்கே எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.